வெள்ளைப் பூனைகளின் காதுப் பரீட்சை

போன மாதம் கிளப்பிலிருந்து ஸ்நேஹா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அப்பா கோயம்புத்தூர், அம்மா நாசிக். தமிழ் கொஞ்சம் நொண்டும். ஆனாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம்.

"அங்கிள், வெள்ளைப் பூனைக்கு ஹியரிங் டெஸ்ட் பண்ண இப்போ மெஷின் வந்திருக்கு. தலையில ஒயர் வெக்கிறாங்க, கம்ப்யூட்டர்ல கோடு வருது. உங்க டைம்ல எப்டி பண்ணுனது?"

"தாம்பாளத்தைக் கீழ போடுவோம்" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "சீரியஸ்லி?" என்றாள். சீரியஸ்தான். அதை விவரமாக எழுதிக் கொடுத்தால் புது ஆட்களுக்குச் சொல்லலாம் என்றாள். தமிழில் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள் என்று கேட்டேன். அப்பாவைப் படித்துச் சொல்லச் சொல்வாளாம். ஆகவே இதை முதலில் படிக்கப்போகிறவர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். அவருக்கு என் வணக்கம்.

நான் புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். தொண்ணூறுகளின் நடுவில் அதை மூடிவிட்டார்கள். வம்சாவளிப் பூனைகளைப் பதிவு செய்யும் கிளப் ஒன்றுக்கு ஆபீஸ் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பூனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பால் குடிக்கும் என்பதுதான். வளர்ந்த பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே சொன்னார்கள். ஆக, தெரிந்த ஒன்றும் போயிற்று. மற்றதைக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் பிடித்தது. பெர்ஷியனுக்கு மூக்கு எங்கே இருக்க வேண்டும், சயாமீஸுக்கு எந்தெந்த இடம் கறுக்க வேண்டும், எது வெறும் தெருப் பூனை ஷாம்பூ போட்டுக் குளித்து வந்திருக்கிறது, எல்லாம் பிடிபட்டது. வெளியே யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் "கிளப்பில் செக்ரட்டரி" என்பேன். சீட்டாட்ட கிளப் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. அது இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

கிளப்பின் தலைவர் மேஜர் தங்கராஜ். மதுரைப் பக்கம். ராணுவத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க மலைப் பிரதேசங்களில் கோவேறு கழுதைகளோடு கழித்திருந்தார். பூனையைக் கையில் எடுத்தாலும் முதலில் பாதத்தைத்தான் தூக்கிப் பார்ப்பார், லாடம் சரியாக அடித்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. வீட்டிலும் ஆபீஸிலும் பூட்ஸ்தான். குரலை உயர்த்த மாட்டார். பூனையை அவர் பூனை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கேண்டிடேட்ட உள்ள அனுப்புய்யா" என்பார்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கீழே அவர் வீடு, மாடியில் ஆபீஸ். மாடி முழுக்க மரத்தளம். பலகைகள் நடந்தால் முனகும். இந்த மரத்தளத்தை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தகுதி விதிகள் சுவரில் தொங்கின. தாய், தகப்பன் இரண்டும் பதிவான பூனைகளாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் போதிய ஓய்வு தர வேண்டும். ஆண் பூனைக்கு விதைகள் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியில் மேஜர் வெளி மருத்துவர் சான்றிதழை நம்ப மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தானே தடவிப் பார்த்து, "ப்ரெசென்ட், ப்ரெசென்ட்" என்று ஆஜர் எடுப்பார்.

கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் நம் ஊர்க்காரர்களும் பூனையோடு வர ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று இரண்டு கூடைகளில் இரண்டு பூனைகளைக் கொண்டுவந்து வைத்தது.

"சார், இவன் அவளுக்கு மாமன் பையன் முறையாகுதுங்க. சேர்க்கலாங்களா?" என்று கணவர் கேட்டார்.

மேஜர் வம்சாவளியைப் பார்த்தார். "மாமன் பையன்னா ஆட்சேபணை இல்ல. சித்தப்பா பையனா இருந்தாலும் இங்க ஓகே. அண்ணன் தங்கச்சி மட்டும் கூடாது."

"நட்சத்திரம் ஏதும் பாக்கோணுங்களா?" என்றார் மனைவி. விளையாட்டாகத்தான் கேட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

"அதுக்கு வேற ஆபீஸ்" என்றார் மேஜர்.

இனி வெள்ளைப் பூனைகள். சுத்த வெள்ளையில் பிறக்கும் பூனைகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கண் நீலமாக இருந்தால் சந்தேகம் அதிகம். அது குட்டிகளுக்கும் இறங்கும். ஆகவே எங்கள் விதி: வெள்ளைப் பூனை காதுப் பரீட்சையில் தேறினால்தான் இனப்பெருக்கத்துக்குத் தகுதி. தேறாவிட்டால் பெயரை அடித்துவிட்டு, கருத்தடை ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுப்போம்.

பரீட்சையை மேஜரே வகுத்திருந்தார். உரிமையாளர் வெளியே போய்விட வேண்டும். பூனையை அறையின் நடுவில், வெறும் தரையில் விடுவோம். அது மோந்து பார்த்து முடித்து உட்காரும்வரை காத்திருப்போம். ஒரு மூலையில் துணித் திரை. அதற்குப் பின்னால் நான், கையில் பெரிய பித்தளைத் தாம்பாளம். மேஜர் பூனைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதன் காதுகளையே பார்ப்பார். கைக்குட்டையை அசைத்தால் நான் தாம்பாளத்தைத் தோள் உயரத்திலிருந்து விட வேண்டும். எறியக் கூடாது, விட வேண்டும். அந்த வித்தியாசத்தை எனக்கு ஒரு காலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். தாம்பாளம் சுழன்று அடங்கியதும் மேஜர் சொல்வார்: "காது திரும்புச்சு. எழுதிக்க." நான் எழுதுவேன்: 'காது திரும்பியது.' அவ்வளவுதான் பரீட்சை. அங்கே வந்த வெள்ளைப் பூனைகளில் ஒன்றுகூடத் தோற்றதில்லை. புனே நகரத்துப் பூனைகளின் தரம் அப்படி என்று மேஜர் பெருமைப்படுவார்.

அவரிடமும் ஒரு வெள்ளை பெர்ஷியன் ஆண் இருந்தது. தன்னைவிட ஒரு படி கீழே இருக்கட்டும் என்று அதற்குக் கேப்டன் என்று பெயர் வைத்திருந்தார். தேன் நிறக் கண்கள், நீலத்தின் சாயல்கூடக் கிடையாது. கிளப்பின் முதல்தர ஆண் அவன்தான். நகரத்தில் பாதி வெள்ளைக் குட்டிகளுக்கு அவன் தகப்பன். அவனுடைய தைரியத்தைப் பற்றி மேஜர் சொல்லாத ஆளில்லை. கணபதி ஊர்வலத்தில் டோல்-தாஷா மேளக் கோஷ்டிகள் வாசலில் நின்று அடித்து நொறுக்கும்போது நாங்களெல்லாம் காதைப் பொத்திக்கொள்வோம். கேப்டன் ஜன்னல் விளிம்பில் மல்லாந்து தூங்குவான். "எங்க ரெஜிமென்ட்ல இப்படி ஒருத்தன் இருந்தா போதும்யா" என்பார் மேஜர். பெயர் சொல்லிக் கூப்பிடுவது சிவிலியன் பழக்கம் என்பது அவர் கொள்கை. மாடியில் பூட்ஸால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கேப்டன் அங்கே எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வருவான்.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் படிக்கும் வாசகருக்கு விஷயம் இப்போதே புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம்.

விஷ்ராந்த்வாடியிலிருந்து சுந்தரி என்ற அம்மாள் வருவார். திருச்சிக்காரர். கணவருக்கு ராணுவக் கணக்குத் துறையில் உத்தியோகம். ஒரே மகள் கல்யாணி. பிறவியிலேயே காது கேட்காது. கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை செய்தாள். உதட்டைப் பார்த்தே தமிழும் மராத்தியும் புரிந்துகொள்வாள். பேசவும் செய்வாள், சில வார்த்தைகள், அவளுக்கே உரிய குரலில். சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய பூனை மல்லி. சுத்த வெள்ளை, ஒரு கண் நீலம், ஒரு கண் தேன் நிறம். காதுப் பரீட்சையில் மல்லி தேறியது. மேஜரே கேப்டனைச் சேர்க்கச் சொன்னார். குட்டிகள் எல்லாம் வெள்ளை. அவையும் தாம்பாளத்துக்குக் காதைத் திருப்பித் தேறி, ஆளுக்கொரு வீட்டுக்குப் போயின.

தீபாவளி முடிந்த மறுநாள் பிம்ப்ரிக்காரர் ஒருவர் தான் வாங்கிய குட்டியைக் கூடையோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"சாப், இத்னா படாகா ஃபூட்டா, யே ஸோதா ரஹா!" என்றார். தெரு முழுக்க வெடித்திருக்கிறார்கள், இது தூங்கியிருக்கிறது. காதருகே கை தட்டியும் பார்த்தாராம். காதே கேட்கவில்லை என்பது அவர் புகார். அந்த வாரத்திலேயே இன்னொரு வீட்டிலிருந்து போன் வந்தது. அங்கே குக்கர் விசிலுக்கு வீட்டு நாய் குதிக்கிறது, குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஜர் பூட்ஸ் சத்தம் கேட்க நெடுநேரம் நடந்தார். "பாஸான கேண்டிடேட்டுக்கு எப்படிய்யா காது போகும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும். கடைசியில் அவரே முடிவுக்கு வந்தார். பரீட்சை சரி. குட்டிகளுக்குக் காது பிறகுதான் போயிருக்கிறது. அதற்குக் காரணம் ரத்தத்தில் கோளாறு. கோளாறு தாய் வழி, நீலக் கண் அங்கேதானே இருக்கிறது. மல்லியின் பெயரை அடித்துவிட வேண்டும், ஆபரேஷனுக்கு எழுத வேண்டும். கேப்டனின் பெயரை அவரும் எடுக்கவில்லை, யாரும் எடுக்கவில்லை.

சுந்தரியம்மாளை வரச் சொன்னேன். கல்யாணியும் வந்தாள், மல்லியைக் கூடையில் வைத்து மார்போடு அணைத்தபடி. இருவரும் மாடிப்படியின் மேலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். எங்கள் ஆபீஸுக்கு வருகிற யாரும் அப்படிச் செய்ததில்லை. மேஜரே பூட்ஸோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் யார் கழற்றுவார்கள். நானும் ரப்பர் அடி வைத்த ஷூவில்தான் இருந்தேன்.

மேஜர் நாசூக்காகத்தான் சொன்னார். "விதிப்படி திரும்ப ஒரு டெஸ்ட் எடுக்கறோம். ஆனா ரிசல்ட் எதுவானாலும் பெயர எடுத்துடறது நல்லதும்மா. குறை தாய் பக்கம்னு தெரியுது."

சுந்தரியம்மாள், "யார் சார் சொன்னாங்க தாய் பக்கம்னு?" என்றார்.

"அனுமானம்தாம்மா."

"எனக்கும் இதே அனுமானம்தான் சார். இவ பொறந்ததுலேருந்து கேக்கறேன். எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, அவங்க அக்கா சொல்லுவாங்க, கல்யாணத்துக்குப் போனா பந்தியில சொல்லுவாங்க. ஒன் பக்கம் யாருக்கோ இருந்திருக்குன்னு. எங்க பக்கம் அத்தனை பேருக்கும் பாம்புக் காது சார். சொன்னா யாரு கேக்கறாங்க? அதான் நான் சொல்றத விட்டுட்டேன். இன்னைக்கு இந்த வாயில்லாத ஜீவனையும் அதே சொல்லு சொல்றீங்க."

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். மேஜர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவேறு கழுதைகள் இப்படியெல்லாம் பேசுவதில்லை, பாவம், அவருக்குப் பழக்கமில்லை.

உரிமையாளர் வெளியே போக வேண்டும் என்பது விதி. அழுகிற பெண்மணியை வெளியே போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அப்படி ஓரமா நில்லுங்க" என்றார். சுந்தரியம்மாள் சுவரோரம் போனார். கல்யாணி எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்தாள். மல்லி நடுத்தரையில் உட்கார்ந்தது. கைக்குட்டை அசைந்தது. நான் தாம்பாளத்தை விட்டேன்.

மல்லியின் காது திரும்பியது. கல்யாணியும் திரும்பினாள்.

மேஜர் 'எழுதிக்க' என்று சொல்லவில்லை. கல்யாணியையே பார்த்தார். "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னீங்களேம்மா?"

"சுத்தமா கேக்காது சார்."

"ஒன்ஸ் மோர்" என்றார் என்னிடம்.

கல்யாணியைத் திரும்ப ஜன்னல் பக்கம் பார்த்து நிற்கச் சைகை காட்டினார். தாம்பாளத்தை விட்டேன். அவள் திரும்பிச் சிரித்தாள். எங்கள் பரீட்சைப்படி அவள் தேறிவிட்டாள்.

எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். வெறும் காலைக் கொஞ்சம் தூக்கி, பாதத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பலகையைக் காட்டினாள். "தரை" என்றாள் அவளுடைய குரலில். "இங்க வருது."

மேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். குனிந்து பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். அந்த ஆபீஸில் அவரை வெறுங்காலோடு நான் பார்த்தது அன்றுதான். பலகைமேல் நின்று, "விடுய்யா" என்றார். விட்டேன். கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தவர் கண்ணைத் திறக்கச் சிறிது நேரமாயிற்று. "இத்தனை வருஷம்" என்று ஆரம்பித்து அதோடு விட்டுவிட்டார்.

கீழேயிருந்து பஞ்சு மெத்தை ஒன்றை வரவழைத்தார். அதை மடித்து மேஜைமேல் போட்டு, மல்லியை அதன்மேல் உட்கார வைத்தோம். தாம்பாளம் வேண்டாம் என்று தன் பழைய ராணுவ விசிலை என்னிடம் கொடுத்தார். திரைக்குப் பின்னால் நின்று மெதுவாக ஊதினேன். மல்லியின் இரண்டு காதுகளும் என் பக்கம் திரும்பின. இன்னும் மெதுவாக ஊதினேன். அப்போதும் திரும்பின. பாம்புக் காது.

அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். மல்லிக்குக் குறையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கல்யாணி மேஜரின் முகத்துக்கு நேராக வந்து நின்று, "அப்பா?" என்றாள்.

சுந்தரியம்மாள் பதறிப்போய், "குட்டிங்களோட அப்பாவக் கேக்கறா சார்" என்றார்.

"புரியுதும்மா" என்றார் மேஜர்.

அவரே இறங்கிப் போய்க் கேப்டனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெத்தைமேல் வைத்தார். கேப்டன் முன்னங்காலை நக்க ஆரம்பித்தான். மெதுவாக ஊதினேன். நக்கிக்கொண்டிருந்தான். பலமாக ஊதினேன். தெருவில் நாய்கள் குரைத்தன. வாசல் காவலாள் ஓடிவந்து, "க்யா ஹுவா சாப்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேப்டன் அடுத்த காலுக்கு மாறினான்.

மேஜர் அவன் முதுகுப் பக்கம் போய் நின்று, "கேப்டன்" என்றார். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. "கேப்டன், டேய்." அவன் வால்கூட அசையவில்லை. டோல்-தாஷா, வெடி, இடி எல்லாவற்றுக்கும் மல்லாந்து தூங்கிய தைரியம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேஜருக்கு அவன்மேல் உயிர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"எழுதிக்க" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "கேண்டிடேட் கேப்டன். காது திரும்பல. தகுதி நீக்கம். ஆபரேஷனுக்கு அனுப்பணும். இதுவரைக்கும் நாம பாஸ் பண்ண வெள்ளைப் பூனை எல்லாத்துக்கும் திரும்ப டெஸ்ட். மெத்தை மேல." பிறகு சுந்தரியம்மாள் பக்கம் திரும்பினார். "மல்லி பெயர் அப்படியே இருக்கும்மா. குறை தகப்பன் பக்கம். தாய் பக்கம் இல்ல. நான் சொன்னது தப்பு."

சுந்தரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து ஒரு தடவ சொல்லுவீங்களா சார்?"

மேஜர் தயங்கினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையேம்மா. இது பூனை விஷயம்."

"தெரியும் சார். அவங்களும் சம்பந்தம் இல்லாமத்தான் சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை மேஜர் பிளேசர் போட்டுக்கொண்டார். மெடல்களையும் குத்திக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஜீப்பில் விஷ்ராந்த்வாடிக்குப் போனோம். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்தார். சுந்தரியம்மாளின் கணவர், ராணுவக் கணக்குத் துறையில் காலம் தள்ளிய மனிதர், மெடல்களைப் பார்த்ததும் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க சார், உக்காருங்க" என்று மேஜரையே திரும்பத் திரும்ப உபசரித்தார். கல்யாணி எங்கள் உதடுகள் தெரியும்படி எதிரே உட்கார்ந்தாள், மடியில் மல்லி. சுந்தரியம்மாள் காபி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். அதற்கு முன்பு மல்லி விஷயமாக நான் அந்த வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் அவர் அங்கேதான் நின்றிருக்கிறார்.

மேஜர் தொண்டையைச் செருமினார். "ஒங்க வீட்டுப் பூனை விஷயமா தீர்ப்பு சொல்ல வந்திருக்கேன். குட்டிகளுக்குக் காது கேக்கல. தாய் பக்கம் குறைன்னு சொல்லிட்டோம். யாரும் சோதிச்சுப் பாக்காம சொன்னது. சோதிச்சோம். தாய் பக்கம் ஒரு குறையும் இல்ல."

"சந்தோஷம் சார்" என்றார் அவர். காபியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "நல்லா சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நல்லா."

"அப்ப யார் பக்கம்?"

"தகப்பன் பக்கம். என் பூனைதான். எனக்கு அது ரொம்ப நாளா தெரியல. தெரிஞ்சுக்கப் பாக்கவும் இல்ல. தாய் பக்கம்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

தெருவில் ஒரு ரிக்ஷா ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணி மேஜரின் உதட்டிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தாள். அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, தன் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்துச் சோபாவில் இடம் செய்தார்.

"சுந்தரி, ஏன் நிக்கற? வந்து உக்காரு" என்றார்.

அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தார். மேஜர் என் பக்கம் பார்த்தார். எழுதிக்க என்று சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் நானே மனதுக்குள் எழுதிக்கொண்டேன்: காது திரும்பியது.